கொழுப்பு எந்த வழியாக வெளியேறுகிறது?

திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் நிலாவரை என்னும் சிறு செடி பயிரிடப்படுகிறது. நிலவாகை என்றும் இதைச் சொல்வார்கள். எங்கள் பக்கத்து விவசாயிகள் பலர் இதை அவுரி என்றே அழைக்கிறார்கள்; ஆனால் நீலச் சாயம் எடுக்கும் அவுரி வேறு செடி. அரேபியப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட நிலாவரை நம் மண்ணில் நன்றாக வேரூன்றி, உலக மருந்துச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா', அதாவது திருநெல்வேலிச் சென்னா, என்ற பெயரையே பெற்றுவிட்டது. இதன் உலர்ந்த இலையும் காயும் நெடுங்காலமாகத் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக மேல்நாடுகளுக்குக் கப்பலேறி வந்துள்ளன. மலச்சிக்கலுக்கு இது நல்ல மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் சென்னா இடம் பெற்றிருக்கிறது. இதுவரை யாருக்கும் சண்டையில்லை.

ஆனால் இதே இலை இப்போது வேறொரு வேடத்தில் கடைகளுக்கு வருகிறது. 'உடல் இளைக்கும் மூலிகைத் தேநீர்', 'குடல் சுத்திப் பொடி' என்று பலவாறான பெயர்கள். உறையின் முன்பக்கத்தில் இடை சிறுத்த பெண்ணின் படம். இயற்கையானது, பக்க விளைவு அற்றது, தேங்கிய நச்சுகளையும் வேண்டாத கொழுப்பையும் கரைத்து மலத்தோடு வெளியேற்றும் என்பன போன்ற வாசகங்கள். பாட்டி வைத்தியக் குறிப்புகளைத் தொகுத்து வரும் சிறு நூல்களும் இதே கருத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கின்றன. வயிறு சுத்தமானால் உடல் தானாக இளைக்கும் என்பது அவற்றின் அடிப்படை. செரிமானம், எடைக் குறைப்பு என்னும் இரு வேறு காரியங்களை ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டதே இங்குள்ள கோளாறு. முதலாவதில் பெற்ற நற்பெயரை வைத்து இரண்டாவது விற்கப்படுகிறது.

என் வகுப்பு மாணவி ஒருத்தி இத்தகைய தேநீரை நான்கு நாள் இரவில் குடித்து இரண்டு கிலோ எடை குறைந்ததாகச் சொன்னாள். ஐந்தாம் நாள் ஆய்வுக்கூடத்தில் மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டாள். சித்திரை வெயில், வைகையில் மணல் மட்டும் தெரியும் காலம். தேநீரை நிறுத்திய மூன்றே நாளில் அந்த இரண்டு கிலோவும் திரும்பி வந்துவிட்டது. பொடியை விட்டதால்தான் மறுபடி எடை கூடியது என்று அவள் நினைத்தாள். அவள் பொய் சொல்லவில்லை. எடைப் பொறியும் பொய் சொல்லவில்லை. ஆனால் பொறி சொன்னதற்கு அவள் கொண்ட பொருள்தான் தவறு.

எடைப் பொறி உடலின் மொத்த எடையைக் காட்டும். அதில் நீர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, குடலில் கிடக்கும் கழிவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. இதை வாசகர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். எடையைக் குறித்துக்கொண்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் ஏறி நில்லுங்கள். அரைக் கிலோ கூடியிருக்கும். ஒரு நிமிடத்தில் அரைக் கிலோ கொழுத்துவிட்டோம் என்று யாராவது சொல்வோமா? பேதியாகும்போது நடப்பது இதே சோதனைதான், திசை மட்டும் எதிர்.

இனி கணக்குக்கு வருவோம். உடலில் சேர்ந்துள்ள ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது. இரண்டு கிலோ என்றால் 15,400. கல்லூரிக்கு வந்து போகும் ஒரு பெண் நாளொன்றுக்குச் செலவிடும் ஆற்றல் சுமார் 2,000 கிலோ கலோரி. நான்கு நாளும் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தொடாமல் பட்டினி கிடந்திருந்தாலும் 8,000 தான் ஆகும். ஆகவே அவள் இழந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி கொழுப்பாக இருக்க வழியே இல்லை. ஆற்றல் அழிவின்மை விதியை ஒன்பதாம் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கும் நாம், அது நம் வயிற்றுக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிடுகிறோம்.

நிலாவரை வேலை செய்யும் இடத்தைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். இலையில் உள்ள சென்னோசைடு என்னும் பொருள்கள் இரைப்பையிலும் சிறுகுடலிலும் மாறாமல் கடந்து போகின்றன. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைத்த பிறகே மருந்து பிறக்கிறது எனலாம். அது பெருங்குடலின் சுவரைத் தூண்டி இயக்கத்தை விரைவுபடுத்துகிறது. நீர் உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். இரவில் குடித்தால் விடியற்காலையில் வயிறு போவது இதனால்தான். ஆனால் நாம் உண்ட சோற்றின் மாவுப்பொருளும் புரதமும் எண்ணெயும் பெருங்குடல் வரை காத்திருப்பதில்லை. அவற்றில் பெரும்பகுதி சுமார் ஆறு மீட்டர் நீளமுள்ள சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. கலோரி ஏற்கெனவே இரத்தத்தில் சேர்ந்தாகிவிட்டது. பேதிமருந்து கதவைத் தட்டும்போது வீட்டில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் நீரும் நாரும்தான்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1983ஆம் ஆண்டு 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' என்னும் மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் வலுவான பேதிமருந்து பயன்படுத்தப்பட்டது. நிலாவரை இல்லை, ஆயினும் அதுவும் பெருங்குடலைத் தூண்டும் வகையைச் சேர்ந்ததே. நான்கு முதல் ஆறு லிட்டர் வரை வயிற்றுப்போக்கு உண்டாகியும், உண்ட கலோரியில் ஏறத்தாழ 12 சதவீதமே உடலில் சேராமல் போயிற்று. ஆறு லிட்டர் என்பது அரைக் குடம்! அவ்வளவு துன்பத்துக்குக் கிடைத்த ஆதாயம், உணவைச் சற்றுக் குறைத்தாலே கிடைத்துவிடும்.

அப்படியானால் உடல் இளைக்கும்போது கொழுப்பு எங்கே போகிறது? 2014ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்னும் இருவர் இக்கேள்வியை மருத்துவர்கள், உணவியலார், உடற்பயிற்சியாளர் ஆகியோரிடம் கேட்டார்கள். பெரும்பாலோர் சொன்ன விடை, 'வெப்பமாக மாறிவிடுகிறது' என்பது. நிறை அப்படி மறையாது. இவ்விருவரில் மீர்மன் இயற்பியல் படித்தவர் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறு பெருமை உண்டு. அவர்கள் போட்ட கணக்கு இது: நம் உடற்கொழுப்பின் மாதிரி மூலக்கூறு ஒன்றில் 55 கார்பன் அணுக்களும் 104 ஹைடிரஜன் அணுக்களும் 6 ஆக்சிஜன் அணுக்களும் உள்ளன. இது ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும்போது கரியமில வாயுவும் நீரும் உண்டாகின்றன. 10 கிலோ கொழுப்பு எரிந்தால், அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது. மீதி 1.6 கிலோ நீராகிச் சிறுநீர், வியர்வை முதலியவற்றில் கலந்து போகிறது. ஆக, கொழுப்பு உடலை விட்டுப் போகும் தலைவாசல் மூக்கு, குடல் அன்று. குடலைக் கழுவிக் கொழுப்பை வெளியேற்ற நினைப்பது, அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டால் அடுக்கி வைத்த விறகு குறைந்துவிடும் என்று எண்ணுவதைப் போன்றது.

வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தால் கொழுப்பு உருகும் என்பது இன்னொரு பிரபலமான குறிப்பு. உறைந்த நெய் சூட்டில் உருகுவதைப் பார்த்து எழுந்த கற்பனை இது. நம் உடற்கொழுப்பு 37 டிகிரி உடல் வெப்பத்திலேயே இளகித்தான் இருக்கிறது. உருக்க வேண்டிய தேவையே இல்லை. தேனின் கதையோ வேறு. இரண்டு மேசைக்கரண்டித் தேனில் ஏறத்தாழ 120 கிலோ கலோரி உண்டு. அது ஏழு தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். சர்க்கரை போட்ட காப்பியை விட்டுவிட்டு இதைக் குடிப்பவருக்கு நட்டமில்லை. காப்பியோடு இதையும் சேர்த்துக் குடிப்பவர் எடை கூடுவார்.

பழைய உணவு முறையை எல்லாம் நான் தள்ளிவிடச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். கம்பங்கூழ் குடித்தவர் நெடுநேரம் பசி தாங்குகிறார் என்பது உண்மை. அதன் காரணத்தையும் சரியாகச் சொல்ல வேண்டும். கம்பானாலும் அரிசியானாலும் 100 கிராமில் ஏறத்தாழ 350 கிலோ கலோரிதான். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, நார்ச்சத்து கம்பில் 11 கிராமுக்கு மேல்; தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. நார் நீரை உறிஞ்சிப் பருத்து வயிற்றை நிரப்புகிறது, மலச்சிக்கலையும் குறைக்கிறது. கீரை, கொய்யா, கூழ், மோர் என்று உண்பவருக்கு நிலாவரையின் தேவையே அபூர்வமாகத்தான் வரும். ஆனால் 'சிறுதானியம் இளைக்க வைக்கும்' என்ற விளம்பரத்தை நம்பி, கம்பு மாவில் நெய்யும் வெல்லமும் கொட்டி லட்டு உருட்டித் தின்றால் கலோரிக் கணக்கு அதையும் எழுதிக்கொள்ளும்.

இயற்கை என்ற சொல்லைக் கேட்டதும் ஆபத்தில்லை என்று நினைப்பது சரியன்று. நிலாவரையை இடையிடையே ஓரிரு நாள் உட்கொள்வது பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாது. நாள் தவறாமல் குடிக்கும்போது நீரோடு பொட்டாசியமும் உடலை விட்டுப் போகிறது. பொட்டாசியம் குறைந்தால் தசைகள் தளரும்; இதயத் துடிப்பின் ஒழுங்கே கெடலாம். நீரிறக்க மாத்திரையோ சில வகை இதய மருந்தோ சாப்பிடும் முதியவர்களுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. அமெரிக்காவில் 1990களிலேயே உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய மெலிவுத் தேநீர்களைப் பற்றி எச்சரித்தது. மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் இதைத் தொடரக் கூடாது என்பதே பொதுவான அறிவுரை.

நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் இருக்கிறது. குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் உடல் பருமனும் உண்டு. ஆயினும் தேநீர் என்ற பெயரோடு வரும்போது, தாம் வாங்குவது மருந்து என்ற எண்ணமே வாங்குபவருக்கு எழுவதில்லை. ஆகவே உறையின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். சென்னா, சோனாமுகி, சுவர்ணபத்ரி, காசியா அங்குஸ்டிஃபோலியா, சென்னா அலெக்சாண்ட்ரினா: இவற்றில் எந்தப் பெயரைக் கண்டாலும் அது நம் மானாவாரிக் காட்டு நிலாவரையேதான்.