66 லட்சத்தில் கார் எவ்வளவு?

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 2025 மே மாதக் கடைசியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அப்போதைய ஷோரூம் விலை 52.99 லட்சம். முதல் தவணையாக ஒதுக்கிய 150 வண்டிகளும் விலை அறிவிக்கும் முன்பே புக்கிங்கில் தீர்ந்துவிட்டன. விலை வெளியானதும் கார்ப் பிரியர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: பகல் கொள்ளை. நாற்பது லட்சத்தை ஒட்டி நிற்கும் என்று ஆசையோடு காத்திருந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். அக்டோபரில் அதே 2 லிட்டர் எஞ்சினுடன் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 49.99 லட்சத்துக்கு வந்தபோதும் இதே வசைதான், கம்பெனியின் பெயர் மட்டும் வேறு. அதற்கு ஒதுக்கிய 100 வண்டிகளும் போன இடம் தெரியவில்லை.

"அதான் எல்லாம் வித்துப்போச்சே, அப்புறம் என்ன பேச்சு?" என்று பிரியர்களின் வாயை அடைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. அது பதிலே அல்ல. இவ்வளவு பெரிய நாட்டில் 150 பேரிடம் பணம் இருக்கிறது என்பது விலை நியாயமானது என்பதற்குச் சான்றாகாது. விலை விஷயத்தில் பிரியர்கள் சரியாகக் கணித்த சந்தர்ப்பமும் இருக்கிறது. 2016-இல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐயை 25.99 லட்சத்துக்குக் கொண்டுவந்தது. மொத்தமே 99 வண்டிகள்தான். யார் வாங்குவார் என்று கேட்டார்கள். அதேபோல் வண்டிகள் தேங்கின. அடுத்த ஆண்டு விலை 19.99 லட்சமாக இறங்கியது. முந்திக்கொண்டு வாங்கியவர் ஆறு லட்சம் ஏமாந்தார். விலையைச் சொல்லாமலே புக்கிங் வாங்கும் இன்றைய பழக்கமும் கண்டிக்க வேண்டியதுதான். இதுவரை நான் அவர்கள் கட்சி.

இதற்கு மேல் ஒப்பவில்லை. பல வருடமாக ஒப்பவில்லை.

எந்த வேக வண்டியின் விலை வெளியானாலும் எழும் முதல் வாதம், இந்தக் காசுக்கு வேறு எது கிடைக்கும் என்பது. ஜிடிஐ விஷயத்தில் அது, "இதே காசுக்கு பிஎம்டபிள்யூவே வாங்கிடலாம்" என்று வந்தது. வாங்கலாம். எக்ஸ்1 பெட்ரோல் மாடல் ஏறக்குறைய 50 லட்சத்துக்குக் கிடைத்தது. பானெட்டைத் திறந்தால் மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர், 136 குதிரைத்திறன். ஜிடிஐயில் 265. வேகத்தையே வேதமாகப் பேசும் ஒருவர் பாதித் திறனுள்ள குடும்ப வண்டியைக் காட்டி இதைவிட அது லாபம் என்கிறார் என்றால், அவர் அந்த நிமிடம் இரண்டு கார்களை எடை போடவில்லை. இரண்டு சுங்கக் கணக்குகளை எடை போடுகிறார். எக்ஸ்1 மறைமலைநகருக்கு அந்தப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பூட்டப்படுகிற வண்டி. ஜிடிஐ ஜெர்மனியிலிருந்து முழு வண்டியாகக் கப்பலில் வருகிறது. விலை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது அந்த வித்தியாசம்தான்.

"53 லட்சத்துக்குத் துணி சீட்டா?" என்ற கேள்வியையும் பலர் கேட்டார்கள். அந்தக் கட்டம் போட்ட துணி 1976-இல் முதல் ஜிடிஐயிலிருந்தே வருவது. குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளர் தேர்ந்தெடுத்தது. தோல் உறை போட்டிருந்தால்தான் உண்மையான பிரியர்கள் கோபப்பட்டிருக்க வேண்டும். போகட்டும்.

டீலர் நீட்டும் கொட்டேஷன் தாளைப் பாருங்கள். முதல் வரியில் ஷோரூம் விலை. அதன் கீழே டிசிஎஸ் வரி 1 சதவீதம், இன்ஷூரன்ஸ், ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக். கீழே கூட்டுத்தொகை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். ஆக ஜிடிஐக்கு அந்த ஒரு வரியே பத்தரை லட்சத்தைத் தாண்டியது. எல்லாம் சேர்த்து வண்டி தெருவுக்கு இறங்கியபோது 66 லட்சத்தை ஒட்டி நின்றது. தாளில் தெரிகிற வரி இவ்வளவே. தெரியாதது முதல் வரிக்குள் ஒளிந்திருக்கிறது.

அதை உரித்துப் பார்ப்பது கடினமான வேலை இல்லை. வண்டி வந்த மே மாதத்தில் இந்த வகைக் காருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், செஸ் 20 சதவீதம். இரண்டும் சேர்ந்து 48. (செப்டம்பரில்தான் அது 40 ஆனது.) 53 லட்சத்திலிருந்து அதைக் கழித்தால் 36 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 40,000 டாலருக்கு உட்பட்ட முழு வண்டிக்குச் சுங்கம் 70 சதவீதம். அதையும் கழித்தால் 21 லட்சம். அதற்குள்ளேயே டீலர் கமிஷன், கம்பெனியின் இந்தியச் செலவு, கப்பல் கூலி எல்லாம் அடங்க வேண்டும். துறைமுகத்தில் இறங்கிய கார் எப்படிப் பார்த்தாலும் 20 லட்சத்தை ஒட்டித்தான். 66-இல் ஏறக்குறைய 40 லட்சம் மத்திய, மாநில அரசுகளுக்குப் போனது.

இதே வண்டி ஜெர்மனியில் 40,000 யூரோவுக்கு மேல் விற்கிறது. அன்றைய மதிப்பில் 38 லட்சத்தைத் தாண்டும். அங்கே வரி 19 சதவீதம். அதைக் கழித்தாலும் 32 லட்சம் மிஞ்சுகிறது. மொத்த விலையும் சில்லறை விலையும் ஒன்றல்ல என்பது தெரிந்ததே. ஆனாலும் அந்த ஊர்க்காரர் வரியில்லாமல் கொடுக்கும் காசைவிடக் குறைந்த மதிப்பில் இந்தியாவுக்கு அனுப்பிய கம்பெனியை நோக்கித்தான் 'பகல் கொள்ளை' என்று கத்துகிறோம். நாற்பது லட்சத்தை எதிர்பார்த்தவர்கள் உண்மையில் எதிர்பார்த்தது என்ன? எழுபது சதவீதச் சுங்கத்தையும் நாற்பத்தெட்டு சதவீத ஜிஎஸ்டி-செஸ்ஸையும் வோல்ஃப்ஸ்பர்க்கில் இருக்கும் ஒரு கம்பெனி தன் கைக்காசிலிருந்து கட்டும் என்பதையா?

ஆக்டேவியா ஆர்எஸ்ஸின் விலை வரலாறு இதை இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. 2017-இல் அவுரங்காபாத் ஆலையில் பூட்டி விற்றபோது 24.62 லட்சம். 2020-இல் முழு வண்டியாக இறக்குமதி செய்தபோது 35.99 லட்சம், 200 வண்டிகள். 2025-இல் 49.99 லட்சம். எட்டு வருடத்தில் விலை இரண்டு மடங்கு. எஞ்சின் 230 குதிரைத்திறனிலிருந்து 265-க்கு வந்திருக்கிறது. பணவீக்கமும் ரூபாயின் சரிவும் உண்டு. ஆனால் முதல் பெரிய தாவல், மூன்றே வருடத்தில் பதினோரு லட்சம், எதனால் வந்தது? பூட்டும் ஆலை மாறியதால். பிரியர்கள் அன்றும் பேராசை என்றார்கள், இன்றும் அதையே சொல்கிறார்கள்.

உள்ளூரிலேயே பூட்டச் சொல்லலாமே என்றால், அந்தக் கதையும் பலரின் காதில் விழவில்லை. தொகுப்பாக வரும் பாகங்களுக்குச் சுங்கம் 30-35 சதவீதம்; தனித்தனி உதிரிப் பாகமாக வந்தால் 5-15 சதவீதம். ஸ்கோடா ஆட்டோ ஃபோக்ஸ்வாகன் இந்தியா தொகுப்பாக வரவேண்டியதை உதிரியாகக் காட்டி வரி குறைத்துக் கட்டியது என்று சுங்கத்துறை 2024-இல் 140 கோடி டாலர் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. கம்பெனி பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஜிடிஐ எப்போது வரும், என்ன விலைக்கு வரும் என்று பிரியர்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்த அதே மாதங்களில், அதே கம்பெனியின் வண்டிகளுக்கு எந்த வரி என்பதே வழக்காக நடந்துகொண்டிருந்தது. பிரேக் டிஸ்க்கின் விட்டத்தை மில்லிமீட்டரில் ஒப்பிக்கிறவர்களுக்கு இதைப் படிக்க நேரமில்லை.

அறியாமை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கம்பெனியைத் திட்டுவது சுலபம். ஒரு நிலைப்பாடும் எடுக்க வேண்டாம். வரியைத் திட்டினால் அடுத்த கேள்வி வரும்: பணக்காரர் வாங்கும் வண்டிக்கு வரியைக் குறைக்கச் சொல்கிறாயா? சாக்கன், ஒரகடம் கார் ஆலைகளில் வேலை செய்கிறவர்களின் பிழைப்பை அந்த வரி காக்கிறதே, அதற்கு என்ன பதில்? நியாயமான கேள்விகள். அரை கோடி ரூபாய் விளையாட்டுப் பொருளுக்கு இன்னும் அதிக வரி போட்டாலும் தப்பில்லை என்று ஒருவர் வாதிட்டால் அதை மதிக்கிறேன். ஆனால் அப்படி நினைப்பவர் 66 லட்சத்தைக் கண்டு முகம் சுளிக்கக் கூடாது. அது அவர் கேட்ட விலைதான். வரி குறைய வேண்டும் என்று நினைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் பிரியர்கள் இரண்டும் செய்வதில்லை. ஜெர்மன் கம்பெனிகள் தங்களை அவமதிப்பதாக வருந்திவிட்டு, மறுநாள் வேறு காரின் விலைக்குக் காத்திருக்கிறார்கள். இதை விமர்சனம் என்று ஏற்க என்னால் முடியவில்லை. புலம்பல் என்றால் சரி.

ஜிடிஐ வந்ததே ஒரு விதி தளர்ந்ததால்தான். ஒரு கம்பெனி வருடத்துக்கு 2,500 வண்டிவரை இங்கே தனிச் சோதனை செய்யாமல் இறக்கலாம் என்று 2018-இல் அரசு அனுமதித்தது. அதற்கு முன் விலை உயர்ந்த, பெரிய எஞ்சின் வண்டிகளுக்கு மட்டுமே அந்தச் சலுகை. விதி எழுதினால் வண்டி வருகிறது. வரி எழுதினால் விலை மாறுகிறது. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தத்திலும், ஆண்டுக்கு இத்தனை வண்டி என்ற வரம்புக்குள் கார்ச் சுங்கத்தைப் படிப்படியாக 10 சதவீதத்துக்குக் கொண்டுவர இசைந்திருக்கிறார்கள். எந்த வகை எஞ்சினுக்கு எத்தனை வண்டி என்று பேரம் நடந்தபோது கம்பெனிகளின் கருத்துக்கு இடம் இருந்தது. வாங்குகிறவர் கருத்துக்கு இல்லை.

சென்னையிலும் கோவையிலும் ஞாயிறு காலை வண்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கும் கிளப்புகள் இருக்கின்றன. பட்ஜெட்டுக்கு முன் தொழில் சங்கங்கள் நிதி அமைச்சகத்துக்கு மனுக் கொடுக்கும் வழக்கம் வருடா வருடம் நடக்கிறது. கேட்க வேண்டியது சுங்கக் குறைப்பா, 2,500 வரம்பை விரிப்பதா, தமிழ்நாட்டின் 20 சதவீத ஆயுள் வரியைத் திருத்துவதா என்று உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள். இரண்டு பக்கத்தில் ஒரு மனு எழுதி, உங்கள் தொகுதி எம்.பி.யிடமும் கொடுங்கள்.