காதில் விழுந்ததா, கையால் செய்ததா?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரே நேரத்தில் பத்து கண்டக்டர் கத்துவார்கள். நத்தம், பழனி, வத்தலக்குண்டு எதுவும் எனக்கு உறைக்காது. "வேடசந்தூர்" என்றதும் தலை தானாகத் திரும்பும். காத்திருக்கிற சொல் காதில் விழுந்து சுமார் 300 மில்லிசெகண்டில் மூளையில் ஒரு மின்னலை எழும். பி300 என்பார்கள். 1965-லேயே பதிவான விஷயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகமெல்லாம் அந்த அஸ்திவாரத்தின் மேல் எழுப்பிய மாடியில்தான். பெங்களூர் நிம்ஹான்ஸில் மருத்துவ உளவியல் துறைத் தலைவராக இருந்த சி.ஆர்.முகுந்தன் உருவாக்கிய சோதனை ஒன்று உண்டு. பெயர் பியோஸ். தலையில் மின்முனைத் தொப்பியோடு கண்ணை மூடி உட்கார வேண்டும், பதில் சொல்ல வேண்டாம். நான் ஆர்சனிக் வாங்கினேன் என்பது மாதிரி, செய்தவரே சொல்வதுபோல வாக்கியங்களை ஒலிக்க விடுவார்கள். கேள்விப்பட்டதா, அனுபவித்ததா என்று அலைகளை வைத்து மென்பொருள் பிரித்துச் சொல்லிவிடுமாம். 2008 ஜூனில் புனே செஷன்ஸ் கோர்ட் ஒரு கொலை வழக்கில் ஒரு மாணவிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. ஏற்றுக்கொண்ட சாட்சியங்களில் இதுவும் ஒன்று.

இங்கேதான் எனக்கு இடிக்குது. மூன்று வயதில் குடகனாற்றில் விழுந்து சித்தப்பா தூக்கியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது, வாயில் மணல் கரகரத்தது வரைக்கும். போன வருஷம் அம்மா சொன்னார்: "டேய், விழுந்தது உங்க அண்ணன்டா." முப்பது வருஷம் கேட்டுக் கேட்டு என்னுடையதாகிவிட்ட நினைவு. விசாரணையில் போலீஸ் கதையை ஐம்பது தடவை கேட்டவர் மூளையில் மட்டும் அது ஒட்டாதா?

இன்னொன்று. கவனமாகப் பேச்சைக் கேட்கும்போது செவிப்புறணி விநாடிக்கு 4 முதல் 8 சுற்று வேகத்தில் அசைகளோடு சேர்ந்து துடிக்கிறது. அதே தீட்டா அலைவரிசைதான் ஹிப்போகாம்பஸ் நினைவைப் பதியவைப்பதிலும் வருகிறது. பல வேலைக்கு ஒரே வரிசை. சிபியு 90 சதவீதம் என்று காட்டுகிற கிராஃபை மட்டும் பார்த்து, ஓடுவது எந்தப் புரோகிராம் என்று நான் சொன்னால் என் மேனேஜர் சிரிப்பார்.

நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான குழுவே 2008-ல் இது அறிவியல்பூர்வமானது இல்லை, கோர்ட்டில் சாட்சியமாகக் கூடாது என்றது. 2010 மே 5-ல் செல்வி வழக்கில் சுப்ரீம் கோர்ட், சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனைகள் கூடாது என்றது. நல்ல தீர்ப்பு, மறுக்கவில்லை. சம்மதித்தாலும் சோதனை முடிவு தனியாகச் சாட்சியம் ஆகாது என்றும் சொன்னது. ஆனால் அதன் வழியாகக் கண்டெடுக்கும் பொருள் சாட்சியமாகலாம். ஆக, வாசலில் நிற்கிற காவல் சம்மதம்தான். புனேயில் அந்தப் பெண்ணும் சம்மதித்துத்தானே உட்கார்ந்தார்?

நான் கேட்பது சின்ன டெஸ்ட் கேஸ்தான். செய்தவர் ஒருவர், அதே எஃப்ஐஆரை மனப்பாடமாகக் கேட்டவர் ஒருவர். யார் எவர் என்று சொல்லாமல் மெஷினிடம் கொடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் என்னையும் அண்ணனையும் உட்காரவைத்துக் குடகனாற்றைப் போட்டுப் பாருங்கள். சம்மதக் கையெழுத்து நான் வாங்கித் தருகிறேன்.