சின்ன எழுத்து இலக்கியம்

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்ட புத்தகம் 42 பக்கம். ஆசிரியர் பெயர் கிடையாது. அணிந்துரை, சமர்ப்பணம் எதுவும் இல்லை. விற்பனையில் எந்தத் தமிழ் நாவலும் கிட்டே வர முடியாது. முழுசாகப் படித்தவர்களை எண்ண மட்டும் ஒரு கை விரல்கள் போதும். வெளிநாடு போகிறவர்களுக்குக் கொடுக்கிறார்களே, பயண இன்ஷூரன்ஸ் பாலிசிப் புத்தகம், அதைத்தான் சொல்கிறேன்.

‘இதையெல்லாமா விமர்சனம் பண்ணுவாங்க?’ என்று நீங்கள் கேட்கலாம். நானும் போன வருஷம் வரை அப்படித்தான் நினைத்தேன்.

பக்கத்து ஃப்ளாட் நண்பர் மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர். வயது 68. மகள் டொரன்டோவில், பிரசவ நேரம். கனடாவில் ‘சூப்பர் விசா’ என்று ஒன்று 2011 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டிகள் நீண்ட நாள் தங்கலாம். ஆனால், குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு, ஒரு வருஷத்துக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் காட்ட வேண்டும். மகளே அங்கிருந்து வாங்கி அனுப்பினாள். ‘பிரஷர் உண்டா?’ என்ற கேள்விக்கு நண்பர் ஒளிக்காமல் ‘உண்டு’ என்று எழுதினார். அதற்காகக் கூடுதல் பிரீமியமும் கட்டினார்கள்.

மே மாதம் டிக்கெட். ஏப்ரலில் டாக்டரிடம் போனார். “பிரமாதமா இருக்கீங்க. வாக்கிங் வேலை செய்யுது. மாத்திரையைப் பாதியாக்கிடலாம்” என்றாராம். அன்று சாயங்காலம் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்துக் கேட்டார். “சார், இதை இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லணுமா?”

நான் பெரிய மேதாவி மாதிரி, “உடம்பு மோசமானா சொல்லணும் சார். நல்லானதுக்கெல்லாம் யாராவது மனு கொடுப்பாங்களா?” என்றேன்.

ஜூனில் டொரன்டோவில் பிரஷர் எகிறி, குளியலறையில் மயங்கி விழுந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரி. பிழைத்து, பேரனைக் கொஞ்சிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார், நல்லவேளை. ஆனால் க்ளெய்ம் வரவில்லை. ‘கவர் தொடங்குவதற்கு முந்தைய 180 நாட்களில் உங்கள் முன்நோய் நிலையாக இருக்கவில்லை’ என்று ஒற்றை வரியில் கடிதம். மகள் புதுக் கார் வாங்க வைத்திருந்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போனது. நண்பர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அதற்கப்புறம்தான் அந்தப் புத்தகத்தை வாங்கி, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்தேன்.

முதலில் ‘நிலையாக’ என்ற வார்த்தை. இது 31-ம் பக்கத்தில் வருகிறது. அதற்கு அர்த்தம் 9-ம் பக்கத்தில். ‘நிலையாக இருக்கிறார்’ என்றால் நமக்கெல்லாம் ‘மோசமாகவில்லை’ என்று அர்த்தம். புத்தகத்தில் அது வேறு. புதிய அறிகுறி இருக்கக்கூடாது. புதிய சிகிச்சை, புதிய மருந்து கூடாது. எடுத்த டெஸ்ட்டுக்கு ரிசல்ட் வராமல் நிற்கக்கூடாது. மருந்தின் அளவைக் கூட்டக்கூடாது. அதோடு, குறைக்கவும் கூடாது! கனடாவின் பல பாலிசிகளில் இதே விதிதான். நாட்கணக்கு மட்டும் 90, 180 என்று மாறும். பிராண்ட் மாத்திரையை விட்டு அதே மருந்தின் ஜெனரிக்குக்கு மாறினால் பல பாலிசிகளில் மன்னிப்பு உண்டு. பாதியாக்கினால் கிடையாது.

கோபம் ஆறியபின் யோசித்தால் விதி முட்டாள்தனமானதில்லை. மருந்தை மாற்றினால், கூட்டினாலும் குறைத்தாலும், உடம்பு அதற்கு என்ன பதில் சொல்லப்போகிறது என்பது தெரியச் சில மாதங்கள் ஆகும். அதுவரை ரிஸ்க் அதிகம். என் நண்பருக்கு நடந்ததே அதற்கு உதாரணம். பாதி மாத்திரை அவருக்குப் போதவில்லை. ஆகவே, என் புகார் விதியைப் பற்றி அல்ல, எழுத்தைப் பற்றி. தெருவில் எல்லாரும் புழங்கும் ஒரு வார்த்தையை எடுத்து, அதற்கு ரகசியமாக வேறு அர்த்தம் கொடுத்து, அந்த அர்த்தத்தை 22 பக்கம் தள்ளி ஒளித்துவைப்பது நேர்மையான உரைநடை இல்லை. துப்பறியும் கதைக்காரர்கள்கூட இந்த வேலையைச் செய்தால் வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இரண்டாவது குறை, காலம். இந்தக் கதையில் மூன்று தேதிகள் முக்கியம். விண்ணப்பம் எழுதும் நாள், விமானம் ஏறும் நாள், நோய் வரும் நாள். விண்ணப்பம் ‘இன்றைக்கு உடம்பு எப்படி?’ என்று கேட்கிறது. க்ளெய்ம் இலாகா ‘கிளம்பும்போது எப்படி இருந்தது?’ என்று கேட்கிறது. நடுவில் இருக்கிற நாலைந்து மாதத்தில் மனித உடம்பு மாறும் என்பதை யாரும் முதல் பக்கத்தில் சொல்வதில்லை. 60 வயதுக்கு மேல் நாலு மாதத்தில் மாறாத உடம்பு சிலைக்குத்தான் உண்டு.

பிரிட்டனில் பல பாலிசிகள் இதை வெளிப்படையாகச் சொல்கின்றன. வாங்கிய பிறகு, கிளம்புவதற்கு முன், உடம்பில் மாற்றம் வந்தால் சொல்லுங்கள் என்று. சொன்னால், அப்படியே தொடரலாம், கூடுதல் பணம் கேட்கலாம், அந்த நோயை மட்டும் விலக்கலாம். கவர் தர முடியாது என்று சொன்னால், டிக்கெட்டை ரத்து செய்த நஷ்டத்தைத் தரும் பாலிசிகளும் உண்டு. அங்கே 2012-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்கு முன்பு, கேட்காவிட்டாலும் வாடிக்கையாளரே முக்கியமான எல்லாவற்றையும் நினைவு வைத்துச் சொல்ல வேண்டும். இப்போது கேள்வி கேட்பது கம்பெனியின் பொறுப்பு. கேட்டதற்குக் கவனமாக, பொய்யில்லாமல் பதில் சொல்வது நம் பொறுப்பு.

‘பரிபூரண நம்பிக்கை’ என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். எதையும் மறைக்காதே என்று நமக்கு உபதேசம். இதன் பூர்வீகம் சுமத்ராவில் இருக்கிறது. பென்கூலனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மார்ல்பரோ கோட்டை. அதன் கவர்னர், ஐரோப்பிய எதிரி கோட்டையைப் பிடித்தால் நஷ்ட ஈடு என்று லண்டனில் இன்ஷூர் செய்தார். 1760-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தே விட்டார்கள். ‘கோட்டை பலவீனமானது என்பதை மறைத்துவிட்டார்’ என்று இன்ஷூர் செய்தவர் கையை விரித்தார். 1766-ல் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்புச் சொன்னார். நம்பிக்கை இரண்டு பக்கத்துக்கும் பொது. ஜெயித்தது கவர்னர்! இந்தக் கடைசி வரியை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

நம் ஊரிலும் ஒரு நல்ல வாசகர் இருக்கிறார். உச்ச நீதிமன்றம். 2009-ல் பயண மெடிக்ளெய்மோடு அமெரிக்கா போன ஒருவருக்கு சான்ஃபிரான்சிஸ்கோவில் இறங்கியதும் மாரடைப்பு. மூன்று ஸ்டென்ட். சர்க்கரை இருப்பதை அவர் முன்பே சொல்லியிருந்தார். கொழுப்பு மாத்திரையைச் சொல்லவில்லை என்பது கம்பெனியின் வாதம். க்ளெய்ம் மறுக்கப்பட்டது. சொன்ன நோயைத் தெரிந்துகொண்டே பாலிசி கொடுத்துவிட்டு, பிறகு அதையே காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்று 2021 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. மாத்திரையைச் சொல்லாததும் மறுப்பதற்குப் போதுமான காரணமில்லை என்றார்கள். நியாயம் கிடைத்தது. ஆனால் 12 வருஷம்! அத்தனை வருஷம் கோர்ட் ஏற எல்லாருக்கும் தெம்பு உண்டா?

அதனால், நல்ல பதிப்பு வரும்வரை வாசகர்களே கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். ‘முன்நோய்’, ‘நிலையான’ இந்த இரண்டு வார்த்தைக்கும் உங்கள் பாலிசியில் என்ன அர்த்தம் என்று தேடிப் படியுங்கள். பல இந்தியப் பாலிசிகளில் முன்நோய்க்கு விலக்கு. உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கு மட்டும் ஒரு வரம்பு வரை தருவார்கள். டிக்கெட் போட்ட பிறகு மாத்திரை மாறினால், டெஸ்ட் எழுதினால், டாக்டரிடம் ‘நான் வெளிநாடு போறேன்’ என்று சொல்லுங்கள். அவசரமில்லாத மாற்றத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று அவர் பார்ப்பார். இன்ஷூரன்ஸுக்குப் பயந்து தேவையான மருந்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அப்புறம், கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. ஏஜென்ட் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். லிஃப்ட் பக்கத்தில் நிற்கும் மேதாவிகளிடம் கேட்காதீர்கள்.

நண்பர் இந்த வருஷம் மறுபடி கிளம்புகிறார், பேரனின் முதல் பிறந்த நாளுக்கு. கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போது டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றினார். இந்தத் தடவை இரண்டு பேருமாக உட்கார்ந்து கம்பெனிக்கு ஈமெயில் அனுப்பினோம். மூன்றாம் நாள் பதில் வந்தது. ‘தெரிவித்ததற்கு நன்றி. இன்ன மாத்திரை மாறியிருக்கிறது. இவ்வளவு கூடுதல் பிரீமியம். கட்டினால் இந்த நோய்க்கும் கவர் உண்டு.’

நாலே வரி. படித்த உடனே புரிந்தது. இப்படி எழுதத் தெரிந்தவர்கள் அந்த 42 பக்கத்தையும் இப்படியே எழுதியிருக்கலாம்.