மீளாப் பிரிவு: கார்லோஸ் புலோசானின் நூலிற் குடும்பமும் உழைப்பும்

பொருள் தேடும்பொருட்டுத் தலைவன் மனையை நீங்கிச் செல்லுதலைப் பாலைத் திணையின்பாற்படுத்திப் பேசுவது தமிழ்ப் பொருளிலக்கண மரபு. அப்பிரிவு எத்துணைக் கொடிதாயினும் அதற்கு ஓர் எல்லையுண்டு. கார்காலம் தோன்றும், தேர் திரும்பும், காத்திருந்தவளின் துயர் நீங்கும். மீட்சி என்னும் நம்பிக்கையே பிரிவைப் பொறுத்தற்குரியதாக்குகின்றது. ஒரு தலைமுறை முழுவதற்கும் மீட்சியே இல்லாத பிரிவு வாய்க்குமாயின், அதனை இலக்கியம் எவ்வாறு பாடும்? இவ்வினாவை உள்ளத்திற் கொண்டு படித்தற்குரிய நூல், பிலிப்பைன் தீவினரான கார்லோஸ் புலோசான் ஆங்கிலத்தில் எழுதி 1946 இல் வெளியிட்ட 'அமெரிக்கா இதயத்தில் உளது' என்பதாகும்.

நூலின் வரலாற்றுப் பின்னணியை முதற்கண் அறிதல் வேண்டும். 1898 ஆம் ஆண்டுப் போரின் பின்னர்ப் பிலிப்பைன் தீவுகள் ஸ்பானியர் கையினின்றும் அமெரிக்கர் கைக்கு மாறின. 1906 இல் 15 ஆடவர் ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களைத் தொடர்ந்து பல்லாயிரவர் சென்றனர்; 1920 ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பெருநிலத்தின் மேற்குக் கரையையும் அடைந்தனர். அவர்கள் அந்நியருமல்லர், குடிமக்களுமல்லர். அமெரிக்கக் கொடியின்கீழ்ப் பிறந்தமையால் நுழைவதற்குத் தடையில்லை. வாக்குரிமையோ குடியுரிமையோ இல்லை. ஸ்ரொக்ரன் நகரைச் சூழ்ந்த கழிமுக நிலத்தில் அஸ்பராகஸ் தண்டு வெட்டுதலும், சலினாஸ் பள்ளத்தாக்கிற் சலாதுக்கீரை பறித்தலும், டெலானோவில் முந்திரிகைக் குலை கொய்தலும், கோடையில் அலாஸ்கா சென்று மீனைத் தகரத்தில் அடைக்கும் ஆலைகளில் உழைத்தலும் அவர்தம் தொழில்களாயின. பயிர் விளையுமிடத்துக்கு அவர்கள் பெயர்ந்தனர். பயிர் முடிந்தவிடத்து அவர்களுக்கு இடமில்லை.

புலோசான் 1930 இற் சியாற்றில் துறைமுகத்தில் இறங்கியவர். எனினும் அவர் தம் நூலை அத்துறைமுகத்திற் றொடங்கவில்லை. லூசோன் தீவில், பினலோனான் என்னும் ஊரில், தந்தை உழுகின்ற வயலிலே தொடங்குகின்றார். முதலாம் உலகப் போரினின்றும் மூத்த தமையன் லியோன் திரும்பி வருதலே நூலின் முதற்காட்சி. மீட்சியொன்றைக் காட்டித் தொடங்கும் இந்நூலில், அதற்குப் பின்னர் நிகழ்வனவெல்லாம் பிரிவுகளே. மணநாளிலேயே ஊராரின் கொடிய வழக்கத்துக்கு ஆளான மனைவியுடன் லியோன் ஊரை விட்டு நீங்குகின்றான். மக்காரியோ என்னும் தமையனைப் படிப்பித்து ஆசிரியனாக்கும்பொருட்டுத் தந்தை நிலத்தைத் துண்டு துண்டாக இழக்கின்றார். தாய் உப்பிட்ட மீனைத் தலையிற் சுமந்து ஊரூராக விற்கின்றாள். சிறுவன் அல்லோஸ் உடன் நடக்கின்றான். இப்பகுதியின் சிறப்பு, தாயகத்தைப் பொற்காலமாக வரையாமையே. குடும்பத்தைச் சிதைத்தது அமெரிக்கா மட்டுமன்று. நிலமிழப்பும் கடனும் அதனை முன்னரே சிதைத்துவிட்டன. ஒருவனை உயர்த்துவதற்கு ஏனையோர் தாழ்ந்து தாங்கும் அக்குடும்ப நெறியே பின்னர்ப் பிள்ளைகளைக் கடல் கடக்கச் செய்தது.

சியாற்றிலில் இறங்கிய அல்லோஸ், தான் அறியாமலே ஐந்து டொலருக்கு அலாஸ்கா ஒப்பந்தக்காரனிடம் விற்கப்படுகின்றான். பருவம் முடிந்தபின், கழிவுகளெல்லாம் போக அவன் கையில் எஞ்சியது 13 டொலர். இத்தகைய கொடுமைகளை நூல் அடுக்கிச் செல்கின்றது. அடிகள், ஓட்டங்கள், இறப்புக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இவற்றை மட்டும் நோக்குவோர் இதனைத் துன்பப் பட்டியலென்று கருதக்கூடும். ஆயின் இவற்றினூடே செல்லும் நூலிழை வேறு. அமெரிக்காவில் எங்கோ வாழும் தமையன்மாரைத் தம்பி தேடுதலே அவ்விழையாகும்.

அத்தேடலின் உச்சம் அமாதோவைக் காணும் காட்சி. கள்ளச் சாராய வாணிகத்திற் புகுந்துவிட்ட அத்தமையன் தம்பியை அறிந்திலன். பகைவனென எண்ணி அச்சுறுத்துகின்றான். தம்பி தன்னை மெய்ப்பிக்க வேண்டும். எப்பத்திரமும் அவனிடம் இல்லை. தாயின் பெயரைச் சொல்லுமாறு அமாதோ கேட்கின்றான். ஊரார் வழங்கும் பெயரையும் இயற்பெயரையும் சொல்லி, தாயும் தானும் உப்பு மீன் விற்று நடந்ததையும் தம்பி நினைவூட்டுகின்றான். அந்நொடியிலே சகோதரம் உயிர்பெறுகின்றது. ஊரில் வறுமையின் அடையாளமாக இருந்த மீன்கூடை, அந்நிய நிலத்தில் உறவின் சான்றாகின்றது. புலோசானின் கலைத்திறனை இக்காட்சி ஒன்றே நிலைநாட்டும்.

தம்பி தமையனைத் தேடுதல் ஏன் இந்நூலின் நடுநாயகமாயிற்று? மனைவியையோ மக்களையோ தேடும் வாய்ப்பு அத்தலைமுறைக்கு அரிதாயிருந்தமையால் என்க. 1930 அளவிற் கலிபோர்ணியாவிலிருந்த பிலிப்பீனரிடையே ஏறத்தாழ 14 ஆடவர்க்கு ஒரு பெண்ணே இருந்தாள். தோட்ட முதலாளிகள் வேண்டியது கைகளை, குடும்பங்களையன்று. வெள்ளை இனப் பெண்ணை மணத்தலையும் கலிபோர்ணியச் சட்டம் தடுத்தது. 'மங்கோலியர்' என்ற சொல் பிலிப்பீனரைக் குறியாதென 1933 இல் நீதிமன்றம் தீர்த்தபொழுது, அவ்வாண்டிலேயே சட்டசபை 'மலாயர்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டது. அத்தடை 1948 இலேயே அம்மாநில உயர் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. 1934 ஆம் ஆண்டுச் சட்டம் பிலிப்பீனரை அந்நியராக்கி, ஆண்டொன்றுக்கு 50 பேரே நுழையலாமென வரையறுத்தது. நடன மண்டபத்தில் வெள்ளைப் பெண்களோடு ஆடினர் என்பதைக் காரணமாகக் கொண்டு 1930 சனவரியில் உவாட்சன்வில் என்னுமிடத்திற் கும்பல்கள் அவர்களை வேட்டையாடின. கொட்டிலொன்றிற் பெர்மின் தொபேரா என்னும் 22 வயது இளைஞர் சுடப்பட்டு இறந்தார். உழைப்பை ஏற்று, உழைப்பவனின் இல்லறத்தை மறுத்தலே அக்காலத்து ஒழுங்காயிருந்தது.

இந்நிலையில், கிட்டாத இல்லறத்தின் இடத்தைக் கூட்டுறவு பற்றிக்கொள்கின்றது. ஒரே அறையிற் பலர் உறங்குதல், ஒருவன் கூலியிற் பலர் உண்ணுதல், காச நோயுற்ற தம்பியை மருத்துவமனையில் வைத்து மக்காரியோ பேணுதல் ஆகியன யாவும் பினலோனான் குடும்ப நெறியின் தொடர்ச்சியே. பிற்பகுதியிலே தொழிற்சங்கம் உருவாகும்பொழுதும் அதன் வித்து அந்நெறியே என்பதை வாசகர் உணர்வர். சங்கப் பகுதிகளிற் சில இடங்கள் சொற்பொழிவாகத் தேய்ந்துவிடினும், மனித உறவில் வேரூன்றிய இடங்கள் உயிரோடிருக்கின்றன.

நூலின் குறைகளையும் கூறல் வேண்டும். பெரியது பெண்பாத்திரங்கள் பற்றியது. தாய் ஒருத்தியே முழு மனுஷியாக நிற்கின்றாள். அமெரிக்கப் பெண்களோ கருணையின் உருவங்களாகத் தோன்றி மறைகின்றனர். நூல்கள் கொண்டுவரும் அயிலீனும், தன் பொருளை ஈந்து இறந்துபோகும் மேரியனும் அத்தகையோரே. அங்கு வாழ்ந்த பிலிப்பீனப் பெண்கள் ஏறக்குறையக் காணப்படவேயில்லை. சிலராயினும் அவர்கள் இருந்தனர். ஸ்ரொக்ரனிற் பிறந்த வரலாற்றாசிரியர் டோன் மபலோன், புலோசானின் தலைப்பையே நினைவூட்டும் பெயரோடு 2013 இல் வெளியிட்ட நூலில், அவ்வூர்ப் பெண்கள் வயலிலும் உழைத்து, கொட்டில்களிற் பலருக்குச் சமைத்து, குடும்பங்களைத் தாங்கிய வரலாற்றை எடுத்துக்காட்டினார். மணமாகாத ஆடவர் பலர் ஒரே குழந்தைக்கு ஞானத் தந்தையராயினர். சட்டம் மறுத்த உறவைச் சடங்கு வழங்கியது. புலோசான் காணத் தவறியது இவ்வுலகத்தையே.

இது தன்வரலாறா, புனைவா என்னும் வினாவும் உண்டு. நோயால் நலிந்த புலோசான் வயல்வேலையில் நெடுங்காலம் ஈடுபட்டிலர் என்றும், பிறர் பட்டவற்றையும் தம்மவையாக எழுதினார் என்றும் ஆய்வாளர் சுட்டியுள்ளனர். அதனால் நூலின் மெய்ம்மை குறைந்துவிடாது. தமையன் பட்டதைத் தன்னதாகத் தம்பி பேசுவது, இந்நூல் போற்றும் நெறிக்கு இயைந்ததே. அல்லோஸ் ஒருவனல்லன், ஒரு தலைமுறையின் தம்பி.

பெரிதும் விவாதத்துக்குரியது முடிவு. தமையன்மார் போர்ச் சேவைக்குப் பிரிந்து சென்றபின், பேருந்தில் அமர்ந்த கதைசொல்லி, வயலிற் பட்டாணி பறிக்கும் பிலிப்பீனர் கையசைப்பதைக் காண்கின்றான். அமெரிக்க மண் தன்னை ஏற்க விரியும் இதயமெனத் துதிக்கின்றான். முந்நூறு பக்கங்களுக்கு மேற் காட்டிய சான்றுகள் இத்துதிக்கு ஆதாரமாகா. போர்க்காலத்து நேசநாட்டு உணர்வு அதன் குரலை உயர்த்தியிருத்தல் கூடும். எனினும் காட்சியைக் கூர்ந்து நோக்கின், கையசைத்தவர் யாவர் என்பது புலனாகும். அவனை ஏற்றது அந்நாட்டரசன்று. முதுகு குனிந்து நின்ற உடன்பிறவாச் சகோதரர். துதியின் சொல் அமெரிக்காவை நோக்குகின்றது; காட்சியோ அவர்களை நோக்குகின்றது. சொல்லை விடக் காட்சியே நம்பத்தக்கது.

பிலிப்பீனர்க்குக் குடியுரிமை பெறும் வழி, நூல் வெளிவந்த 1946 இலேயே சட்டத்தாற் றிறந்தது. புலோசான் 1956 இற் சியாற்றிலில் இறந்தார். 1930 இல் நீங்கிய தாயகத்தை அவர் மீண்டும் கண்டிலர். அவர் தலைமுறையினர் ஓயவில்லை. 1965 செப்டெம்பர் 8 ஆம் நாள் லறி இற்லியோங் முதலியோர் தலைமையில் டெலானோ முந்திரிகைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியோர் பெரும்பாலும் முதுமையெய்திய அவ்வாடவரே. மெக்சிக்கத் தொழிலாளரும் சேர்ந்தனர். 1970 இல் முதலாளிகள் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். மனையும் மக்களுமின்றி முதிர்ந்தவர்க்காக 1974 இல் டெலானோவில் அக்பயானிக் குடியிருப்பு எழுந்தது. தேர் திரும்பாத பாலைக்கு அவர்கள் தாமே கட்டிய மனை அதுவாகும்.

அம்முதியோரை இளைய தலைமுறையினர் 'மனோங்' என அழைத்தனர். இலோகானோ மொழியில் அச்சொற்குத் தமையன் என்பது பொருள். தந்தையென்றழைக்கப்படும் பேறு பலர்க்கு வாய்க்கவில்லை. ஆயினும் அல்லோஸ் தேடிய தமையன் என்னும் பெயர், ஒரு தலைமுறை முழுவதற்கும் உரிய பெயராய் நிலைத்தது.