குறும்பதிவில் பாடம் நடக்குமா?

ஒரு கருத்தை ஒன்றிரண்டு வரிகளில் எழுதிப் பலரும் படிக்கும்படி உடனே அனுப்புவது குறும்பதிவு. 2006-இல் அமெரிக்காவில் தொடங்கிய ட்விட்டர் (2023 முதல் எக்ஸ்) இதைப் பரவலாக்கியது. அதன் 140 எழுத்து வரம்பு எங்கிருந்து வந்தது? கைப்பேசிக் குறுஞ்செய்தி 160 எழுத்துகள் கொண்டது. அதில் 20-ஐப் பயனர் பெயருக்கு ஒதுக்கினர், எஞ்சியது 140. 2017-இல் பெரும்பாலான மொழிகளுக்கு இது 280 ஆயிற்று. ஆக, இந்த அளவு செய்தித் தொடர்பின் வசதிக்காக எழுந்தது. கற்பவரின் தேவையைக் கருதி எழுந்ததன்று. ஆயினும் இதைக் கல்விச் சாதனமாகப் போற்றுவோர் பலர். அவர்கள் கூற்று எவ்வளவு உண்மை?

2011-இல் ரெய்னால் ஜங்கோவும் அவருடைய துணை ஆய்வாளர்களும் அமெரிக்கக் கல்லூரி மாணவர் 125 பேரிடம் செய்த ஆய்வை வெளியிட்டனர். 70 பேர் வகுப்பு விவாதத்தைத் தொடரவும், ஐயம் கேட்கவும், நினைவூட்டல் பெறவும் ட்விட்டரைப் பயன்படுத்தினர். ஆசிரியர்களும் அதில் ஊக்கத்துடன் கலந்துகொண்டனர். மற்ற 55 பேரைவிட இவர்களுடைய ஈடுபாடும் மதிப்பெண்ணும் உயர்ந்தன. ஆனால் 2013-இல் இவர்கள் வெளியிட்ட தொடராய்வில், ‘விரும்பினால் பயன்படுத்துக’ என்று விட்டுவிட்ட வகுப்பில் அந்தப் பலன் காணப்படவில்லை.

இத்தாலியில் நடந்த ஆய்வு இன்னும் பெரியது. ஏறத்தாழ 70 உயர்நிலைப் பள்ளிகளின் 1,500 மாணவர்கள் பிரான்டெல்லோ 1904-இல் எழுதிய நாவல் ஒன்றைப் படித்தனர். அவர்களைச் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் ட்விட்டர் வழியே கருத்துப் பரிமாறினர். மறு பிரிவினர் வழக்கமான வகுப்பில் கற்றனர். 2019-இல் முடிவு வெளிவந்தது. ட்விட்டர் பிரிவினரின் தேர்வு மதிப்பெண், திட்ட விலக்கத்தில் 25 முதல் 40 சதவீதம் வரை குறைந்திருந்தது. நன்கு படிக்கும் மாணவர்களே கூடுதலாக இழந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வாய்வுகள் ஒன்றையொன்று மறுப்பனவா? அல்ல. அமெரிக்காவில் குறும்பதிவு பாடத்துக்குத் துணை நின்றது. இத்தாலியில் பாடத்தின் இடத்தையே பிடித்துக்கொண்டது. நாவலாயினும் ஒளிச்சேர்க்கையாயினும் பொருள் புரிவது தொடர்ச்சியால்தான். துண்டு துண்டாக நறுக்கினால் செய்திகள் நிற்கும். அவற்றை இணைக்கும் ‘ஆகையால்’ உதிர்ந்துவிடும்.

எனவே குறும்பதிவைத் தள்ளவும் வேண்டாம், தலைமேல் தூக்கவும் வேண்டாம். ‘இன்று அவரை விதை முளைத்தது, முளையின் நீளம் 2 செ.மீ.’ என்று ஒவ்வொரு மாணவரும் அன்றன்று அனுப்பட்டும். ஆசிரியர் அன்றே அதற்கு மறுமொழி தரட்டும். விதை ஏன் முளைத்தது, நீர் அங்கே என்ன செய்தது என்பதை மட்டும் குறிப்பேட்டில் முழுப் பக்கம் எழுதட்டும்.