கூற்றிலாத் தந்தை: தமிழ் இலக்கியத்தில் தந்தை – மகள் உறவு

முன்னுரை

தமிழ் அக இலக்கியத்தில் மகளைப் பற்றி மிகுதியாகப் பேசுவோர் நற்றாயும் செவிலியும் ஆவர். தந்தை தினைப்புனத்திற்கு உரியவனாகவும், கடலில் மீன் வேட்டுவனாகவும், இற்காவலுக்குக் காரணமானவனாகவும் குறிக்கப்பெறுகிறான். தன் வாயால் எதுவும் சொல்வதில்லை. இம்மௌனத்தை ஆணாதிக்கத்தின் அடையாளமாகக் கொள்வது திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. அச்சுறுத்தும் அதிகாரம் பேச வேண்டியதில்லை என்பது அக்கருத்தின் சாரம். இதில் உண்மை உண்டெனினும் முழு உண்மை இல்லை. தந்தையின் மௌனம் உணர்ச்சியின்மை அன்று. அது ஓர் இலக்கிய மரபு. அம்மரபினுள் தந்தையின் அன்பு பிறர் வாய்வழியே வெளிப்படுகிறது. அவனைப் பெயர் சுட்டி நிலைநிறுத்துபவள் பெரும்பாலும் மகளே. இக்கருத்தைச் சில பனுவல்களின்வழி நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

இலக்கண வரையறை

தொல்காப்பியச் செய்யுளியல் அகப்பாட்டில் கூற்றிற்கு உரியோரையும் உரிமையில்லாதோரையும் வகுத்துக் கூறுகிறது. ஊரார், அயலார், சேரியோர், நோய்மருங்கு அறிவோர், தந்தை, தமையன்மார் ஆகியோர்க்கு நேர்க்கூற்று இல்லை; அவர்தம் சொல்லைப் பிறர் கொண்டெடுத்து மொழியலாம் என்பது அந்நூற்பாவின் கருத்து. பெற்ற தந்தை இங்கு ஊராரோடும் அயலாரோடும் ஒரே வரிசையில் வைக்கப்பெற்றிருப்பது நோக்கற்குரியது. களவியலோ, தந்தையும் தமையன்மாரும் மகளின் களவொழுக்கத்தைக் குறிப்பால் உணர்வர் என்கிறது. இரண்டையும் இணைத்து நோக்கின், தந்தை அறிவான், ஆனால் கூறான் என்னும் நிலை புலனாகும். அறிவு உண்டு, சொல் இல்லை என்னும் இவ்விடைவெளியே இவ்வுறவின் இலக்கியக் களம் எனலாம்.

நற்றிணை 110ஆம் பாட்டு இதற்குத் தக்க சான்று. போதனார் பாடிய இப்பாட்டில் செவிலி பேசுகிறாள். பாலுண்ண மறுத்து ஓடிய சிறுமி, கணவன் குடி வறுமையுற்ற காலத்தில் தந்தை வீட்டு வளமான சோற்றை நினையாது, வேளை தவறி உண்டு வாழும் உரம் பெற்றமை கண்டு வியக்கிறாள். இதனைத் தலைவியின் அறிவு முதிர்ச்சியைப் போற்றும் பாட்டாகவே பயிற்றுவிக்கிறோம். பெங்களூரு கண்டோன்மெண்ட் பகுதியைச் சார்ந்த ரிச்சர்ட்ஸ் டவுனில், வீட்டில் தமிழும் பள்ளியில் பிறமொழியுமாக வளர்ந்த மாணவியர் சிலருடன் இப்பாட்டைப் படித்தபோது, ஒரு மாணவி எழுப்பிய வினா வேறு திசை காட்டியது: மகள் பட்டினி கிடப்பது அந்தத் தந்தைக்குத் தெரியுமா? பாட்டு இதற்கு விடை தரவில்லை. தந்தை இங்குச் சோறாக மட்டுமே இருக்கிறான். அச்சோற்றை மகள் நினையாமையே பெருமையாகப் பேசப்படுகிறது. மகளின் பெருமை தந்தையின் கொடையை மறப்பதில் வைக்கப்பெற்றுள்ளமையை அவ்வினா வெளிக்கொணர்ந்தது. சமையலறை வளமும் வறுமையும் செவிலியின் அறிவுக்கு உட்பட்டவை; தந்தையின் அறிவோ பாட்டிற்குப் புறத்தே நிற்கிறது.

மகட்பாற்காஞ்சி

புறநானூற்றின் மகட்பாற்காஞ்சிப் பாடல்கள் தந்தையின் மௌனத்தைச் சற்றே தளர்த்துகின்றன. மகளைக் கேட்டு வரும் வேந்தர்க்கு அவளைத் தர மறுக்கும் தந்தை இப்பாடல்களில் செயலால் வெளிப்படுகிறான். ஆனால் அம்மறுப்பையும் அவன் சொல்வதில்லை; புலவர் சொல்கிறார். பரணர் பாடிய 336ஆம் பாட்டில் வேந்தன் சினத்தோடிருக்கிறான். தந்தை செய்யத்தக்கதைச் செய்யாதிருக்கிறான். வரவிருக்கும் அழிவுக்காகக் கடிந்து பேசப்படுபவளோ இப்பகையை வளர்த்தவளாகக் கூறப்படும் தாய். தந்தையின் மௌனத்திற்கு உரிய விலையை இங்குத் தாய் கொடுக்கிறாள். மௌனத்தைத் தூய அன்பாகப் போற்ற இயலாது என்பதற்கு இப்பாட்டே போதிய சான்று.

பாரி மகளிரும் கபிலரும்

பாரி மகளிர் பாடியதாக வரும் 112ஆம் பாட்டு, மகளின் குரலில் தந்தை பேசப்படும் இடம். சென்ற மாத நிலவையும் இம்மாத நிலவையும் அருகருகே வைக்கும் இச்சிறு பாட்டின் வைப்புமுறை ஆழ்ந்து நோக்கற்குரியது. முதற்பகுதியில் தந்தை முன்னும் குன்று பின்னுமாக நிற்கின்றன. இரண்டாம் பகுதியில் இவ்வரிசை தலைகீழாகிறது. குன்று போன செய்தி முன்வர, தந்தை இல்லாமை இறுதியில் நிற்கிறது. நாடிழந்த துயரிலும் தந்தையை இழந்த துயரே பாட்டின் முடிவாக அமைகிறது. குன்றை வென்றோர்க்கு முரசு உண்டு. மகளிர்க்கு இருப்பது நிலவு மட்டுமே.

தந்தையின் சொல் இங்கு இன்னொருவரிடம் மாறிச் செல்கிறது. 201ஆம் பாட்டில் கபிலர் இருங்கோவேள்முன் அம்மகளிரை நிறுத்தித் தாம் அவர்தம் தந்தையின் தோழர் என்றும், ஆதலின் அவர் தம் மகளிர் என்றும் கூறுகிறார். பெற்ற தந்தைக்கு மரபு தராத நேர்க்கூற்றை நட்பால் தந்தையானவர் பெறுகிறார். கொண்டெடுத்து மொழிதல் என்னும் இலக்கண விதி இங்கு வாழ்க்கை நெறியாகவே விரிகிறது எனலாம். இருங்கோவேள் மறுத்தபின் 202ஆம் பாட்டில் வெளிப்படும் கபிலரின் சினம், சங்கப் பாடல்களில் மகளின்பொருட்டு ஒருவர் கொள்ளும் தந்தைமைச் சினமாக வைத்து எண்ணத்தக்கது.

காப்பியமும் பக்தியும்

சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் தந்தை மாநாய்கன் மகளின் முடிவைக் கேட்டுப் பொருளையெல்லாம் தானமாக்கி ஆசீவகர்பாற் சேர்கிறான். இதுவும் நேரே காட்டப்பெறவில்லை; நீர்ப்படைக் காதையில் செங்குட்டுவனிடம் மாடலன் கூறும் செய்தியாகவே வருகிறது. மணிமேகலையிலோ தந்தைக்கும் தாய்க்கும் நேர்ந்ததைக் கேட்ட மகளின் கண்ணீர் அவள் தொடுக்கும் மாலையை நனைத்துக் கெடுக்கிறது. தந்தையின் துயர் செய்தியாகவும், மகளின் துயர் காட்சியாகவும் அமைவது தற்செயலன்று.

பக்தி இலக்கியத்தில் இம்மரபு புதிய வடிவம் கொள்கிறது. பெரியாழ்வார் திருமொழியின் 3ஆம் பத்து, 8ஆம் திருமொழியில், மகளைத் திருமால் கொண்டு சென்றபின் வெறுமையுற்ற வீட்டில் ஒரு தாய் புலம்புகிறாள். மருமகளைக் கண்டு அசோதை மகிழ்வாளோ என ஏங்குகிறாள். வைணவ மரபு இதனை ஆண்டாளோடு சேர்த்து உணர்கிறது. அவ்வாழ்க்கை வரலாற்று வாசிப்பை ஏற்பினும் ஏற்காவிடினும் ஒன்று தெளிவு: மகளின் பிரிவைப் பாட ஆண்புலவர்க்குத் தாயின் குரல் தேவைப்பட்டது. மகளுக்கோ அத்தகைய வேடம் தேவைப்படவில்லை. திருப்பாவையின் இறுதியிலும், நாச்சியார் திருமொழியின் பெரும்பாலான பதிகங்களின் முடிவிலும் ஆண்டாள் தன்னை இன்னாரின் கோதை என்று தந்தையோடு சேர்த்தே அறிவிக்கிறாள். உடலையும் விழைவையும் துணிந்து பாடிய கவிஞர் தந்தை பெயரைத் தம் கையொப்பமாக்கியமை, தந்தை பெயர் அடக்குமுறை மட்டுமே என்னும் முடிவை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

நாடகம் தந்த சொல்

தந்தைக்கு நேர்ப்பேச்சு விரிவாகக் கிடைப்பதற்கு நாடக வடிவம் துணைசெய்தது. 1891இல் வெளிவந்த பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தில் ஜீவகன் மகளோடு நேரே பேசுகிறான். ஆனால் அவன் வாயில் இருப்பது குடிலனின் சூழ்ச்சி. பலதேவனை மணக்கச் சொல்லும் தந்தைக்காக மனோன்மணி தன் விருப்பத்தைத் துறக்க இசைகிறாள். மௌனம் கலைந்தவுடன் வெளிப்பட்டது அன்பின் மொழியன்று, அன்பினால் வற்புறுத்தும் கட்டளை. தந்தைக்குச் சொல் கிடைத்தல் மட்டும் மகளுக்கு விடுதலை தந்துவிடாது என்பதை இந்நாடகம் உணர்த்துகிறது.

முடிவுரை

தமிழ் மரபில் தந்தை கூற்றிலாதவன். ஆனால் உணர்விலாதவன் அல்லன். அவன் உணர்வு செவிலி, புலவர், தோழர், தாய் ஆகியோரின் குரல்களில் சிதறிக் கிடக்கிறது. ஆதலின் தந்தை – மகள் உறவை ஆய்வோர் தந்தை கூற்றுகளைத் தேடி, அவை இன்மையால் உறவும் இல்லையென முடிவுசெய்தல் பொருந்தாது. பிறர் கூற்றுகளுள் அவனைத் தேடல் வேண்டும். அதே வேளையில் அம்மௌனத்தின் சுமையைத் தாயும் மகளும் தாங்கினர் என்பதையும் மறைத்தல் ஆகாது.

இஃது இலக்கியத்தோடு நிற்கும் சிக்கலன்று. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமைப் பங்கு தமிழ்நாட்டில் 1989இலும் கர்நாடகத்தில் 1994இலும் மாநிலச் சட்டத் திருத்தங்களால் வந்தது; அவை மணமான மகளிரை விலக்கி வைத்தன. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அவ்வேறுபாட்டை நீக்கியது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தந்தை இல்லாதபோதும் மகள் உரிமையுடையவள் என்பதைச் சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் தந்தை வீட்டுச் சோற்றை நினையாமையே மகளுக்கு அழகு என்னும் மதிப்பீடு பண்பாட்டில் இன்னும் தொடர்கிறது. நற்றிணைப் பாட்டை வகுப்பில் விளக்குகையில் தலைவியின் உரத்தை வியப்பதோடு அமையாது, அவள் நினையாத தந்தையையும் மாணவர்முன் கொணர்தல் தமிழாசிரியர் கடமை. சொல் மறுக்கப்பெற்றவனையும், அம்மறுப்பால் கேட்கும் உரிமையை இழந்தவளையும் ஒருசேரக் காணும் வாசிப்பே இவ்வுறவுக்கு நேர்மை செய்வதாகும்.