அடித்த கை

சென்ற ஐப்பசியில் நெய்வேலியில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் வட்டம் வட்டமாகக் குடியேறிய நகரம். ஒரு மாலை அடைமழை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண் காலேஜ் பஸ்ஸிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தாள். "குடை எடுத்துக்கொண்டு போ என்றேனே!" என்று வாசலிலேயே தாயார் முதுகில் ஓர் அடி வைத்தாள்; அதே கையால் முந்தானையை இழுத்துத் தலையைத் துவட்டத் தொடங்கினாள். எனக்கு 'அக்னிப் பிரவேசம்' ஞாபகம் வந்தது.

கடலூர்க்காரரான ஜெயகாந்தன் 1966-ல் ஆனந்த விகடனில் எழுதிய அந்தக் கதையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் மாணவி, காரில் வரும் அந்நியன், பிறகு வீடு. அன்று சண்டை போட்டவர்களில் பெரும்பாலோர் காருக்குள் நடந்ததைப் பற்றியே போட்டார்கள். கதை இருப்பதோ வீட்டில்.

விதவைத் தாய் முதலில் வெறி பிடித்தவள்போல் அடிக்கிறாள். அப்புறம் மகளை உட்காரவைத்துக் குடம் குடமாக நீர் வார்க்கிறாள். இந்த நீரே நெருப்பு, நீ சுத்தமாகிவிட்டாய் என்ற கருத்தில் அவள் பேசுவதைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் மனக்குறை உண்டு. அழுக்கே ஒட்டவில்லை என்றால் கழுவுவானேன்? வாய் சாஸ்திரத்துக்குச் சமாதானம் சொல்கிறது. கை செய்வது வேறு காரியம். வயசு வந்த பெண்ணைத் தாய் குளிப்பாட்டுவது நம் வீடுகளில் எப்போதோ நின்றுபோகிற வழக்கம். (தீபாவளி எண்ணெய் வருஷத்துக்கு ஒரு நாள்.) அந்நியன் தொட்ட உடம்பைக் கூசாமல் தொட்டு, அந்தக் கை அவளை மறுபடி குழந்தையாக்கிக்கொள்கிறது. வசனம் பாதியாக இருந்தால் நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

பின்னால் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் (1972-ல் சாகித்ய அகாதமிப் பரிசு பெற்றது) ஆசிரியர் அந்தக் கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். தாய் ரகசியத்தைக் காக்கவில்லை, அண்ணன் துரத்துகிறான். கங்காவுக்குப் படிப்பு கிடைக்கிறது, உத்தியோகம் கிடைக்கிறது. ஆதரவு தந்த மாமாவின் கை நீளுவதோ வேறு எண்ணத்தில். கடைசியில் அவள் தேடிப் போவது காரில் ஏற்றிச் சென்றவனையே! இதில் காதலும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. பன்னிரண்டு வருஷம் ஈரத்தோடேயே நின்றவள் அவள்.

ஊர் திரும்புமுன் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சிறுகதையைக் கொடுத்தேன். மறுநாள் திருப்பித் தந்தவர், "மழையில் நனைந்து வந்த பெண்ணுக்கு மேலும் குடம் குடமாகத் தண்ணீரா? நானாயிருந்தால் முதலில் துவட்டியிருப்பேன்" என்றார்.